கடலூரில் வீடு வாங்குகிறீர்களா? அட்வான்ஸ் கொடுப்பதிலிருந்து பட்டா மாறும் வரை

கடலூரில் எந்த வீட்டைப் பார்க்கப் போனாலும் தரகர் சொல்லும் வசனம் ஒன்றுதான். "இன்னும் ரெண்டு பார்ட்டி பாத்துட்டுப் போயிருக்காங்க சார், ஒரு ஐம்பதாயிரம் டோக்கன் மட்டும் போட்டு வச்சிருங்க." அந்த ஐம்பதாயிரம் கைமாறிய பிறகு ஆவணத்தில் குறை தெரிந்தால், பணம் திரும்பி வருவது கஷ்டம். பணம் போன பிறகு நம் மனசும் "எப்படியாவது சரியாயிடும்" என்று குறைகளைச் சின்னதாக்கிப் பார்க்க ஆரம்பித்துவிடும். அதனால் இங்கே சொல்கிற வரிசையை மாற்றாதீர்கள். முதலில் கணக்கு, அப்புறம் தண்ணீர், அப்புறம் பத்திரம், அதற்கப்புறம்தான் பணம்.

கையில் எவ்வளவு வேண்டும்

விலை 40 லட்சம் என்று பேசியிருக்கிறீர்கள். தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஆக 3.60 லட்சம் பதிவுக்கே போய்விடும். பெண்கள் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறையும். ஆனால் 2025 ஏப்ரல் முதல் வந்த இந்தச் சலுகை 10 லட்சம் வரையுள்ள சொத்துக்குத்தான். நகருக்குள் வீடு பார்க்கிறவர்களுக்குப் பெரும்பாலும் உதவாது. உள்கிராமத்தில் மனை வாங்குகிறவர்களுக்கு உதவும். புது அடுக்குமாடி வீட்டின் முதல் விற்பனைக்குக் கணக்கு வேறு: 50 லட்சம் வரை முத்திரைத் தீர்வை 4 சதவீதம், அதற்கு மேல் 3 கோடி வரை 5 சதவீதம், இரண்டுக்கும் மேலே பதிவுக் கட்டணம் 2.

வங்கிக் கடனுக்கு ரிசர்வ் வங்கியின் வரம்பு உண்டு. கடன் 30 லட்சம் வரை என்றால் மதிப்பில் 90 சதவீதம், 30 முதல் 75 லட்சம் வரை 80 சதவீதம், அதற்கு மேல் 75 சதவீதம். 40 லட்சம் வீட்டுக்கு அதிகபட்சம் 32 லட்சம் கிடைக்கும். மீதி 8 லட்சம், பதிவுச் செலவு 3.60 லட்சம், வக்கீல், பத்திர எழுத்தர், வங்கியின் பரிசீலனைக் கட்டணம், தரகு எல்லாம் சேர்த்தால் பன்னிரண்டு லட்சத்துக்கு மேல் சொந்தப் பணம் வேண்டும். வட்டி 8.5 சதவீதம் என்று வைத்தால், 32 லட்சத்துக்கு 20 ஆண்டுத் தவணை மாதம் சுமார் 27,800 ரூபாய். இதைக் கட்டிக்கொண்டே பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் கட்ட முடியுமா என்று வீட்டில் உட்கார்ந்து பேசி முடித்துவிட்டு, அப்புறம் வீடு பார்க்கப் போங்கள்.

"பத்திரத்துல வழிகாட்டி மதிப்பை மட்டும் காட்டிக்கலாம், மீதி ரொக்கமா குடுத்துடுங்க" என்பார்கள். வழிகாட்டி மதிப்பு என்பது அந்த இடத்துக்கு அரசு வைத்திருக்கும் விலை. வேண்டாம். தீர்வையில் கொஞ்சம் மிச்சமாகும், அவ்வளவுதான். பத்திரத்தில் உள்ள தொகையை வைத்துத்தான் வங்கி கடன் தரும். நாளைக்கு நீங்கள் விற்கும்போது குறைத்துக் காட்டிய விலைதான் உங்கள் வாங்கிய விலை, அதனால் லாபத்துக்கான வரி ஏறும். அசையாச் சொத்து விற்பனைக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதையும் வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. விற்கிறவருக்கு இதைச் சொன்னாலே பேச்சு மாறும்.

தண்ணீர் எங்கே நிற்கும்?

தென்பெண்ணையும் கெடிலமும் கடலில் சேரும் ஊர் இது. கோடையில் வீடு பார்த்தால் எல்லாத் தெருவும் நல்ல தெருதான். முடிந்தால் ஐப்பசி, கார்த்திகையில் பாருங்கள். முடியாவிட்டால் அந்த மாதங்களில் என்ன நடந்தது என்று கேளுங்கள். 2015 மழைக்கும், 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலை அடுத்து சாத்தனூர் அணை நீர் தென்பெண்ணையில் வந்தபோதும் வீட்டுக்குள் எவ்வளவு ஏறியது என்று விற்கிறவரிடம் கேட்பதில் பயனில்லை. எதிர்வீட்டு அம்மாவிடம், முனையிலுள்ள பெட்டிக்கடைக்காரரிடம் கேளுங்கள். "முழங்கால் வரைக்கும், ரெண்டு நாள் நின்னுது" என்று கணக்காகச் சொல்வார்கள். உச்சிமேடு, நாணமேடு என்று பெயரில் மேடு இருப்பதை நம்பிவிட வேண்டாம். அந்தப் பக்கத்து மக்கள் தென்பெண்ணை வெள்ளத்தைப் பார்த்தவர்கள்.

ஒன்றை நீங்களே அளந்து பார்க்கலாம். வாசற்படியிலிருந்து தெருவின் மட்டம் எவ்வளவு கீழே இருக்கிறது? பழைய வீடுகளில் ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் தெரு ஏறிக்கொண்டே வந்து, ஒரு காலத்தில் மூன்று படி இருந்த வாசல் இன்று தெருவுக்குக் கீழே இருக்கும். சுவரின் அடிப்பகுதியில் மட்டும் ஒரு அளவு வரை புதுப் பெயின்ட் அடித்திருந்தால், அந்த அளவு எதற்கு என்று கேளுங்கள்.

தேவனாம்பட்டினம், தாழங்குடா போலக் கடலோரத்தில் பார்க்கிறவர்களுக்குக் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதி இருக்கிறது. உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை அது பேசும். கட்டடத்துக்கு முறையான அனுமதி உண்டா என்று வக்கீலைக் கேளுங்கள். முதுநகருக்குத் தெற்கே சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் வீடு பார்த்தால், காற்று திரும்பும் ராத்திரி நேரத்தில் ஒருமுறை போய் நின்று பாருங்கள். போர்வெல் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து உப்பு, கடினத்தன்மை பரிசோதனைக்குக் கொடுங்கள். செலவு அற்பம்.

எந்த மாநிலம், எந்தக் குழி?

சிரிக்காதீர்கள். கடலூருக்கு வடக்கே ரெட்டிச்சாவடி தாண்டினால் முள்ளோடை, கன்னியக்கோயில் என்று புதுச்சேரி வந்துவிடும். பாகூர் பக்கம் இரண்டு மாநில நிலமும் பின்னிக்கிடக்கிறது. புதுச்சேரி எல்லைக்குள் இருக்கும் வீட்டுக்குத் தமிழ்நாட்டுப் பதிவுத்துறை இணையதளமோ தீர்வை விகிதமோ பொருந்தாது. பழைய ஆவணங்கள் சில பிரெஞ்சு மொழியிலேயே இருக்கும். அங்கே வாங்கினால் அங்குள்ள வக்கீலைத்தான் பிடிக்க வேண்டும்.

அளவும் அப்படித்தான். ஓரிடத்தில் ஒரு குழி 144 சதுர அடி, புதுச்சேரி வழக்கில் 576 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி, ஒரு மனை என்று பொதுவாகச் சொல்வது 2,400. வாய்ப்பேச்சில் எதைச் சொன்னாலும், எழுத்தில் சதுர அடியும் சதுர மீட்டரும் இருக்கட்டும்.

ஆவணங்கள்: நேரத்தை இங்கே செலவழியுங்கள்

விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியவை நகல்கள்: அவருடைய கிரயப் பத்திரம், அதற்கு முந்தைய மூலப்பத்திரங்கள், பட்டா, வீட்டு வரி ரசீது, மின் கட்டண ரசீது, கட்டட வரைபட அனுமதி. நகல் கொடுக்கவே தயங்குகிறவர் வீட்டை மறந்துவிடலாம்.

நகல் கிடைத்த அன்றே பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று எடுங்கள்; அந்தச் சொத்தின் மேல் பதிவான கிரயம், அடமானம் எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். 1975 முதலான பதிவுகளை வீட்டிலிருந்தே கட்டணமில்லாமல் பார்க்கலாம். அதற்கு முந்தையதற்குச் சார்பதிவகத்தில் மனு போட வேண்டும். முப்பது ஆண்டு போதும் என்பார்கள். நான் கிடைக்கிற கடைசிவரை போகச் சொல்வேன். சர்வே எண் உட்பிரிவு ஆகியிருந்தால் பழைய எண்ணையும் போட்டுத் தேடுங்கள். சார்பதிவக எல்லை மாறியிருந்தால் இரண்டு அலுவலகத்திலும் தேடுங்கள்.

சான்றை எப்படிப் படிப்பது? இப்படி ஒன்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: 1988-ல் கிரயம், 2003-ல் ஒரு சங்கத்துக்கு அடமானம், 2009-ல் அப்பா மூத்த மகனுக்கு எழுதிய தான செட்டில்மெண்ட், அதே ஆண்டு ஒரு பிழைதிருத்தல் பத்திரம், 2017-ல் வங்கியில் உரிமை ஆவண ஒப்படைப்பு. ஐந்து வரி, ஐந்து கேள்வி. 1988-ல் விற்றவருக்குச் சொத்து எப்படி வந்தது? 2003 அடமானத்துக்குக் கடன் தீர்ந்ததைக் காட்டும் ரசீது ஆவணம் ஏன் இல்லை? பணம் கட்டியிருக்கலாம், ஆனால் ரசீது பதிவாகாத வரை பதிவேட்டில் அடமானம் உயிரோடுதான் இருக்கிறது. செட்டில்மெண்ட் எழுதிய அப்பாவுக்கு அது சுயார்ஜிதமா (அவரே சம்பாதித்ததா), பூர்வீகமா? பூர்வீகம் என்றால் மற்ற பிள்ளைகளின் பங்கை அவர் எழுதிக் கொடுத்திருக்க முடியாது. பிழைதிருத்தலில் எதைத் திருத்தினார்கள்: எழுத்துப்பிழையா, சர்வே எண்ணா? 2017 பதிவின் பொருள், அசல் பத்திரம் இப்போது வங்கியில் இருக்கிறது. "பீரோவுல இருக்கு" என்று அவர் சொன்னால் பொய்.

வில்லங்கச் சான்றில் வராதவையும் உண்டு: பதிவாகாத உயில், நீதிமன்ற வழக்கு, வாய்ப்பேச்சுப் பாகப்பிரிவினை, வாரிசுகளின் உரிமை. கடலூர்ப் பக்கம் வீடு சிக்கலாவது பெரும்பாலும் இந்தக் கடைசியில்தான். அப்பா உயில் எழுதாமல் இறந்திருந்தால் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன்கள், மகள்கள் எல்லாருக்கும் சம பங்கு. இறந்தவரின் அம்மா அப்போது உயிரோடிருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. இதைத்தான் எல்லாரும் மறப்பார்கள். "அக்காவுக்கு அப்பவே நகை போட்டுக் கட்டிக் குடுத்தாச்சு" என்பது சட்டத்தில் செல்லாது. அக்கா கையெழுத்துப் போட வேண்டும், அல்லது தன் பங்கை விட்டுக்கொடுத்துப் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் வேண்டும். வட்டாட்சியர் தந்த வாரிசுச் சான்றையும் இறப்புச் சான்றையும் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு பெயரையும் கிரயத்தில் கையெழுத்திடப்போகிறவர்களோடு ஒப்பிடுங்கள். மைனருக்கு அவர் பெயரில் தனிப்பங்கு இருந்தால் நீதிமன்ற அனுமதி வேண்டும். முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு வாரிசுச் சட்டம் வேறு. பங்குக் கணக்கை வக்கீல் போடட்டும்.

பவர் (உரிமையாளர் சார்பில் விற்க இன்னொருவருக்கு எழுதிக்கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) வைத்து விற்கிறார்கள் என்றால் கூடுதல் கவனம். பவர் எழுதிக்கொடுத்தவர் இறந்த நிமிடமே பொதுவாக அந்தப் பவரும் செத்துவிடும், ஆகவே அவருடைய உயிர்ச்சான்றைக் கேளுங்கள். முடிந்தால் வீடியோ அழைப்பில் முகத்தைப் பார்த்துப் பேசிவிடுங்கள். பவர் பத்திரத்தையே கிரயம்போல வாங்கிக்கொள்ளச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அப்படி உரிமை மாறாது என்று 2011-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

பட்டாவை அரசின் நில ஆவண இணையதளத்தில் நீங்களே எடுத்துப் பாருங்கள். பட்டா மட்டும் உரிமைப் பத்திரம் ஆகாது. ஆனால் பட்டா வேறு பெயரில் இருந்தால் காரணம் தெரிய வேண்டும். 1980-களில் நடந்த யு.டி.ஆர். என்ற நிலப் பதிவேடு புதுப்பிப்புப் பணியில் பெயரும் பரப்பும் தவறாக ஏறியவை இன்னமும் திருத்தப்படாமல் கிடக்கின்றன. மாநகராட்சி எல்லைக்குள் என்றால் வார்டு, பிளாக், நகர சர்வே எண்ணோடு பதிவேடு இருக்கும். 'அ' பதிவேட்டில் நிலத்தின் வகையைப் பாருங்கள்: புறம்போக்கு, பஞ்சமி நிலம், நிபந்தனைப் பட்டா என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

பாடலீஸ்வரர் கோயில் போலப் பழைய பெரிய கோயில்கள் உள்ள ஊரில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கட்டடம் விற்பவருடையது, அடிமனை கோயிலுடையது என்று சில தெருக்களில் இருக்கலாம். கோயில் நிலத்தையும் வக்பு நிலத்தையும் விற்றுப் பதிவு செய்வதைப் பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவு தடுக்கிறது. நெய்வேலியைச் சுற்றிய கிராமங்களில் வாங்குகிறவர்கள் நிலம் சுரங்கத்துக்கான கையகப்படுத்தலில் இருக்கிறதா என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரிக்காமல் பேச்சையே தொடங்க வேண்டாம்.

மனையில் தனி வீடு என்றால் மனைப்பிரிவுக்கு நகர ஊரமைப்பு அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவான அனுமதியற்ற மனைகளுக்கு வரன்முறைத் திட்டம் வந்தது. வரன்முறை செய்யாமல் விட்டிருந்தால் கட்டட அனுமதியும் வங்கிக் கடனும் முட்டும். புது அடுக்குமாடியோ மனைப்பிரிவோ, நிலம் 500 சதுர மீட்டருக்கு மேல் அல்லது வீடுகள் எட்டுக்கு மேல் என்றால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண் கேளுங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகு ஒரு வக்கீலிடம் கொடுத்துச் சட்டக் கருத்துரை வாங்குங்கள். வங்கி வக்கீல் பார்ப்பாரே என்று விடாதீர்கள். அவர் பார்ப்பது வங்கியின் பணம் பத்திரமா என்று. உங்களுக்காகப் பார்க்க ஒருவர் தனியே வேண்டும். தரகர் சிபாரிசு செய்யும் வக்கீல் அந்த ஒருவர் அல்ல.

கட்டடமும் அளவும்

பத்திரத்தின் சொத்து விவரத்தை ஒரு டேப்போடு எடுத்துக்கொண்டு போங்கள். "கிழமேல் வடபுறம் ஜாதியடி 30, தென்புறம் 28½, தென்வடல் இருபுறமும் 60, ஆக 1,800 சதுர அடி" என்று எழுதியிருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 30-க்கும் 28½-க்கும் சராசரி 29¼, அதை அறுபதால் பெருக்கினால் 1,755 தான். 45 சதுர அடி பத்திரத்திலேயே இல்லை. இதற்கு மேல் பக்கத்து வீட்டு மதில் உள்ளே வந்திருக்கிறதா என்று புலப்பட வரைபடத்தை வைத்து சர்வேயரைக் கொண்டு அளந்துவிடுங்கள்.

உப்புக்காற்று ஊரில் முதலில் சாவது கூரைக் கம்பி. தளத்தின் அடிப்பக்கத்தில் பழுப்புக் கோடு, பொருக்கு, புதிதாகப் பூசிய திட்டுகள் இருந்தால் ஒரு பொறியாளரைக் கூட்டிப்போங்கள். 2011 தானே புயலுக்கு முந்தைய வீடு என்றால் அதற்குப் பின் என்ன பழுது பார்த்தார்கள் என்று கேளுங்கள். அனுமதி வாங்கியது தரைத்தளத்துக்கு மட்டும், மாடி பிறகு கட்டியது என்பது சகஜம். வங்கி மதிப்பீட்டாளர் மாடியைக் கணக்கில் எடுக்காமல் போகலாம். வாடகைக்கு ஆள் இருந்தால், காலி செய்து கொடுத்த பிறகுதான் கிரயம்.

ஒப்பந்தம், முன்பணம்

இப்போதுதான் பணம். விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள். தொகை, கெடு, கெடுவுக்குள் யார் எந்த ஆவணத்தைத் தர வேண்டும், பழைய அடமானத்தை யார் தீர்ப்பது, வங்கிக் கடன் ஆவணக் குறையால் மறுக்கப்பட்டால் முன்பணம் எத்தனை நாளில் திரும்பும் என்று எல்லாம் அதில் இருக்கட்டும். பத்து சதவீதத்துக்கு மேல் முன்பணம் தேவையில்லை என்பது என் எண்ணம். காசோலையாகவோ வங்கி வழியாகவோ, எல்லா உரிமையாளர்களுக்கும் பங்குப்படி. மூத்தவர் கணக்கில் மொத்தமும் போட்டால் அண்ணன் தம்பிக்குள் பிறகு வரும் தகராறில் நீங்களும் ஒரு கட்சி.

விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் 1 சதவீத வரி பிடித்து, பிடித்த மாதம் முடிந்து 30 நாளுக்குள் வருமான வரித்துறைக்குக் கட்டுவது வாங்குகிறவர் பொறுப்பு. விற்பவர் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ குடியிருப்பவர் என்றால் அந்தக் கணக்கே வேறு, பிடிக்க வேண்டியது அதிகம். ஆடிட்டரைக் கேட்காமல் காசோலை எழுத வேண்டாம்.

வங்கியில் கடன் மனு, சட்டக் கருத்துரை, மதிப்பீடு எல்லாம் முடியச் சில வாரங்கள் பிடிக்கும். ஒப்பந்தக் கெடு அதற்கு இடம் தரும்படி இருக்கட்டும்.

பதிவு நாள்

பத்திர எழுத்தரிடம் வரைவை முதல் நாளே வாங்கி, மூலப்பத்திரத்தோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் பார்ப்பதுதான் நல்ல முறை. தலைப்பெழுத்து, சர்வே எண், செக்குபந்தி (நான்கெல்லை) ஆகிய மூன்றிலும்தான் பிழை வரும். நான்கெல்லையில் பக்கத்து வீட்டுக்காரர் மாறியிருந்தால் பழைய பெயரோடு தற்போதைய பெயரையும் சேர்க்கச் சொல்லுங்கள். பணம் கொடுத்த ஒவ்வொரு பரிமாற்ற எண்ணும் பத்திரத்தில் வரட்டும்.

தீர்வை, கட்டணம் இணையத்தில் கட்டி டோக்கன் எடுத்த நேரத்துக்குப் போனால் போதும். எல்லா உரிமையாளர்களும், இரண்டு சாட்சிகளும், ஆதார், பான் அசலோடு வர வேண்டும். கைரேகை, புகைப்படம் எடுப்பார்கள். கடைசித் தொகைக்கான டிடியை விற்பவர் கையில் கொடுப்பதும், அசல் மூலப்பத்திரங்களை அவரிடமிருந்து வாங்குவதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். அடமானத்தில் இருந்த வீடு என்றால் பழைய வங்கியின் ரசீது ஆவணம் அதே நாளில் முதலில் பதிவாகட்டும்.

கட்டட மதிப்பைப் பார்க்கக் கள ஆய்வுக்கு வருவதுண்டு. மதிப்பு குறைவு என்று சார்பதிவாளர் நினைத்தால், சரியான மதிப்பை முடிவு செய்ய முத்திரைச் சட்டத்தின் 47-அ பிரிவில் மேலே அனுப்புவார், பத்திரம் திரும்ப நாளாகும். பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் நேரம் போகும், மதிப்பு உயர்ந்தால் குறைந்த தீர்வையையும் கட்ட வேண்டியிருக்கும்.

சாவி வாங்கிய பிறகு

உட்பிரிவு தேவையில்லாத சொத்துக்குப் பட்டா மாறுதல் பதிவு முடிந்ததும் தானாகவே நடக்க வேண்டும். சில வாரம் கழித்து இணையத்தில் பெயர் மாறியதா என்று பாருங்கள். கூட்டுப் பட்டாவிலிருந்து உங்கள் பங்கைப் பிரிப்பதென்றால் மனு போட்டு, சர்வேயர் வந்து அளக்க வேண்டும். அவர் வரும் நாளில் நீங்கள் அங்கே இருங்கள். புது வில்லங்கச் சான்று ஒன்று எடுத்து உங்கள் கிரயம் சரியாக ஏறியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

மாநகராட்சியில் வீட்டு வரி, குடிநீர், பாதாளச் சாக்கடை இணைப்பு ஆகியவற்றுக்குப் பெயர் மாற்றம். அரையாண்டு நிலுவை ஏதும் இருந்தால் கிரயத்துக்கு முன்பே விற்பவரைக் கட்டவைத்திருக்க வேண்டும். மின் இணைப்பையும் உங்கள் பெயருக்கு மாற்றிவிடுங்கள். பழைய பெயரிலேயே பில் கட்டிக்கொண்டிருந்தால் பின்னாளில் விற்கும்போதோ கூடுதல் மின்பளு கேட்கும்போதோ இடிக்கும்.

கடன் வாங்கியிருந்தால் வங்கியிடம் ஒப்படைத்த அசல் ஆவணங்களின் பட்டியலைக் கையெழுத்து, முத்திரையோடு வாங்கி வையுங்கள். கொடுக்கும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் ஸ்கேன் செய்துகொள்ளுங்கள். கடன் முழுதும் அடைத்த 30 நாளுக்குள் அந்த ஆவணங்களைத் திருப்பித் தர வேண்டும், தாமதம் வங்கியால் என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்று 2023 டிசம்பர் முதல் ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. எந்தெந்த ஆவணம் கொடுத்தோம் என்பதற்கு அப்போது உங்களிடம் இருக்கப்போகும் சாட்சி இந்தப் பட்டியல்தான்.